நிரல்வழி ஏவப்படும் கட்டளைகளும் தமிழ்த் தரவக எண்ணிக்கையும்: ‘புத்தூர்’ என்னும் சொல்லை முன்வைத்து

தமிழ்த் தரவகங்களில் சொற்களைத் தேடவும் எண்ணவும் பைத்தான் நிரல் எழுதுவோர் எல்லாப் பணியையும் அம்மொழியிலேயே செய்வதில்லை. லினக்ஸில் முன்னரே உள்ள கிரெப், சார்ட், டபிள்யூ.சி. முதலிய கட்டளைகளை நிரலுக்குள்ளிருந்தே ஏவி, அவற்றின் வெளியீட்டைப் பெறுகின்றனர். 2004இல் வெளிவந்த பைத்தான் 2.4 பதிப்பில் சேர்க்கப்பட்ட சப்பிராசஸ் என்னும் கூறு இதற்கெனவே அமைந்தது. அவ்வெண்கள் ஆய்வேட்டில் இடம்பெறுகின்றன; கட்டளை எச்சூழலில் இயங்கியது என்பதோ பெரும்பாலும் பதிவாவதில்லை. அப்பதிவின்றி அவற்றைச் சரிபார்த்தல் அரிது.

பிஷப் ஹீபர் கல்லூரி அமைந்துள்ள திருச்சிராப்பள்ளிப் புத்தூரின் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். இலக்கண நெறிப்படி ‘புத்தூர்’ நான்கெழுத்துச் சொல். ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடுகளாதலின், பைத்தான் அதனை 8 என எண்ணும். டபிள்யூ.சி. கட்டளையை எழுத்தெண்ணுமாறு ஏவினால், மொழிச்சூழல் யுடிஎஃப்-8 ஆயின் 8 வரும். ‘சி’ ஆயின் பைட்டுகளே எண்ணப்பட்டு 24 வரும். மூன்றனுள் ஒன்றும் இலக்கணத்தோடு பொருந்தாமை ஒருபுறமிருக்க, ஏவப்படும் கட்டளை தன்னை ஏவிய நிரலின் சூழலையே பெறுகின்றது. ஆகவே, கையால் இயக்கியபோது 8 தந்த நிரல் இரவில் கிரான் வழித் தானே இயங்கும்போது 24 தரக்கூடும். ‘சி’ சூழலில் சார்ட் கட்டளையும் குறியீட்டெண் முறையையே பின்பற்றி, னகரத்தைப் பகரத்திற்கு முன்னும் றகரத்தை ரகரத்தை அடுத்தும் வைக்கும். அகராதிப் பணிக்கு இது உதவாது.

கட்டளையை ஒரே சரமாக்கி ஷெல்லிடம் ஒப்படைக்கும் வழக்கம் வேறோர் இடரைத் தருகின்றது. புத்தூர்க் குழுமாயி அம்மன் பற்றிய பாடல்களைத் தொகுத்து, ‘குழுமாயி அம்மன் பாடல்’ எனக் கோப்புக்குப் பெயரிட்டதாகக் கொள்வோம். மேற்கோள் குறியிடாவிடின், ஷெல் இடைவெளிதோறும் பிரித்து அதனை மூன்று கோப்புகளாகக் கொள்ளும். பெயரில் அரைப்புள்ளி இருப்பின், அதன் பின்வரும் பகுதி தனிக் கட்டளையாகவே இயங்கும். கட்டளையையும் அதன் உறுப்புகளையும் பட்டியலாக அளித்தால் ஷெல் இடைப்படாது; பெயர் முழுமையாகச் சென்று சேரும்.

எண்ணிக்கைப் பிழையினும் ‘இச்சொல் இந்நூலில் பயிலவில்லை’ என்னும் முடிவே பெரிதும் கருதத்தக்கது. சொல் இல்லையெனினும் கோப்பைத் திறக்க இயலவில்லையெனினும் கிரெப்பின் வெளியீடு வெறுமையே. முடிவுநிலை எண்ணே இரண்டையும் வேறுபடுத்தும்: சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிடின் 1, பிழை நேர்ந்தால் 2. வெளியீட்டை மட்டும் படிக்கும் நிரல், திறக்கப்படாத நூலையும் அச்சொல் பயிலாத நூலாகவே கணக்கிடும். பிழை கண்டால் நிற்குமாறு பைத்தானில் அமைத்தாலும் சிக்கல் முற்றத் தீராது. அவ்வமைப்பு 1 என்பதையும் பிழையாகவே கொண்டு நிரலை நிறுத்திவிடும். எனவே எண்ணைத் தனியே பெற்று, 1 ஆயின் ‘இன்மை’ எனவும் 2 ஆயின் ‘ஆராயப்படவில்லை’ எனவும் நூல்தோறும் குறித்தல் வேண்டும். ‘புத்தூர்’ எனத் தேடினால் ‘புத்தூரில்’ அகப்படாது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். புள்ளி நின்ற இடத்தில் இகரக்குறி வந்துவிடுகின்றது. அந்நிலையில் கிரெப் தரும் 1 என்னும் எண், தேடிய வடிவத்தின் இன்மையை மட்டுமே காட்டும்.