முயல் உண்ணியா, வேறு உண்ணியா?

வட அமெரிக்க முயல்களின் காதிலும் முகத்திலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் சிறிய உண்ணி ஒன்று உண்டு. அல்ஃபியஸ் பேக்கார்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1869இல் அதற்கு ‘லெபோரிஸ்பலஸ்ட்ரிஸ்’ என்று பெயரிட்டார். சதுப்புநில முயலுக்கு உரியது என்பது பொருள். இன்று ‘ஹீமாஃபைசாலிஸ்’ பேரினத்தில் வைக்கப்பட்டுள்ள இது, மனிதரைக் கடிப்பது மிக அரிது. அதனால்தானோ என்னவோ, இதைக் கண்டால் யாரும் இரண்டாம் முறை உற்றுப் பார்ப்பதில்லை.

2017இல் நியூ ஜெர்சியில் ஒரு செம்மறியாட்டின் உடல் முழுக்க உண்ணிகள் மொய்த்தன. வெளிநாடு எதற்கும் போகாத ஆடு அது. ஆய்வாளர்கள் உண்ணியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கண்கள் இல்லை. வாயின் இருபுறமும் உள்ள உணர்காம்புகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. இவை ஹீமாஃபைசாலிஸின் அடையாளங்கள். முயல் உண்ணிக்கும் பொருந்தும்.

வேறுபாடு எங்கே? உணர்காம்பின் மூன்றாம் கணுவில், மேற்புறத்தில் கொம்பு போல ஒரு சிறு முள் இருந்தால் அது முயல் உண்ணி அல்ல. தோலில் குத்தி நிற்கும் வாய் உறுப்பிலுள்ள பற்களின் வரிசைகளையும் எண்ண வேண்டும். வளர்ந்த உண்ணியில் இதெல்லாம் தெரியும். ஆறு கால்களே உள்ள குஞ்சுப் பருவத்தில் பிரித்தறிவது பெரும்பாடு. அங்கே மரபணுச் சோதனை கைகொடுக்கிறது. சோதனை காட்டிய பெயர் ‘ஹீமாஃபைசாலிஸ் லாங்கிகார்னிஸ்’, அதாவது நீள்கொம்பன். கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இனம்!

பிறகு பழைய சேகரிப்புகளை மீண்டும் ஆராய்ந்தபோது, மேற்கு வர்ஜீனியாவில் 2010இல் ஒரு மானிலிருந்து எடுத்த உண்ணியும் இதே இனம் என்று தெரியவந்தது. ஏழாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இது வெறும் பெயர்க் குழப்பம் அல்ல. நீள்கொம்பன் பெண் உண்ணி ஆண் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும். ஒன்று தப்பினாலே போதும். வர்ஜீனியாவில் மாடுகளைக் கொன்ற தைலேரியா கிருமியையும் இது பரப்புகிறது.

செல்லப்பிராணியின் உடலில் உண்ணியைக் கண்டால் நசுக்க வேண்டாம். தலைப்பகுதி சிதைந்தால் உணர்காம்பும் போய்விடும், பிறகு இனம் காண்பது கடினம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சாராயக் கரைசல் உள்ள குப்பியில் போடுங்கள். எந்த விலங்கு, எந்த இடம், எந்த நாள் என்று மேலே எழுதி ஒட்டி, விலங்கு மருத்துவரிடம் கொடுக்கலாம்.