டேங்க் பெரிது, தூரம் எவ்வளவு?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹோண்டா கோல்ட் விங்கோ பி.எம்.டபிள்யூ. ஜி.எஸ். அட்வென்ச்சரோ வாங்குகிறவர் மைலேஜ் கேட்டு வாங்குவதில்லை. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அவருடைய மாதச் செலவில் பெரிய மாற்றம் இராது. ஆனால் ஒரு டேங்க் பெட்ரோலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது பாதுகாப்பைத் தொட்ட விஷயம். கோல்ட் விங் டூர் ஏறக்குறைய 380 கிலோ எடை. இருட்டிய பிறகு, ஆளில்லாத மலைச்சாலையில் பெட்ரோல் தீர்ந்தால் அதைத் தள்ளிக்கொண்டு அடுத்த பங்க் வரை போக யாராலும் ஆகாது. அதனால்தான் இந்த வண்டிகளைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: கம்பெனி சொல்லும் மைலேஜை டேங்க் அளவால் பெருக்கினால் போகக்கூடிய தூரம் கிடைத்துவிடும்.

உண்மை: பெருக்கல் சரி, பெருக்கும் எண்தான் சரியில்லை. கம்பெனிகள் தரும் எண் பெரும்பாலும் டபிள்யூ.எம்.டி.சி. என்ற உலகப் பொதுச் சோதனையில் வருவது. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டி அரை மணி நேரம் ஓடும். நகர ஓட்டம், ஊர்ப்புறச் சாலை, நெடுஞ்சாலை என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். பெரிய வண்டிகளுக்குக் கணக்குப் போடும்போது ஊர்ப்புறப் பகுதிக்குப் பாதி எடை. மற்ற இரண்டுக்கும் கால் கால் பங்கு. வண்டியில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். பின்னால் மனைவியோ நண்பரோ இல்லை, கூடாரமும் துணிமூட்டையும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை.

இந்தச் சோதனை ஏமாற்று வேலை அல்ல. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடுவதற்காகவே அது உருவானது. உங்கள் பயணத்தை முன்கூட்டிச் சொல்வது அதன் வேலை இல்லை. கோல்ட் விங்குக்குச் சோதனை தரும் எண் லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டர், டேங்க் 21 லிட்டர். பெருக்கினால் 378. இமாசலப் பிரதேசத்தில் மணாலி–லே பாதையில் உள்ள தாந்தி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய பலகை மோட்டார் சைக்கிள்காரர்களிடையே புகழ்பெற்றது. காகிதக் கணக்கை நம்பி அங்கிருந்து கிளம்புகிறவருக்கு மீதம் 13 கிலோமீட்டர்தான். அந்த மீதத்தைக் கரைக்க ஒரு மாலை நேர எதிர்க்காற்று போதும்.

நம்பிக்கை: டேங்க் பெரிதானால் தூரமும் கூடும், சிறிதானால் குறையும்.

உண்மை: 2018-இல் ஹோண்டா கோல்ட் விங்கைப் புதிதாக வடிவமைத்தபோது டேங்க்கை 25 லிட்டரிலிருந்து 21 லிட்டராகக் குறைத்தது. பழைய வாடிக்கையாளர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதே நேரத்தில் வண்டியின் எடை சுமார் 40 கிலோ குறைந்திருந்தது, முன்புற உடல் ஒடுங்கியிருந்தது, எஞ்சினும் சிக்கனமாகியிருந்தது. நான்கு லிட்டர் குறைந்தும், போகும் தூரம் அந்த விகிதத்தில் குறையவில்லை.

டேங்க் எவ்வளவு கொள்ளும் என்பது பாதிக் கணக்கு. அது எவ்வளவு வேகமாகக் காலியாகும் என்பதுதான் மறுபாதி. ஜி.எஸ். அட்வென்ச்சரின் 30 லிட்டர் டேங்க்கும் அப்படித்தான். சோதனை எண்ணின்படி, லிட்டருக்கு 21 கிலோமீட்டர் வீதம் 630 கிலோமீட்டர் வரும். ஓட்டும் வேகத்தால் அந்த 21 பதினேழாக இறங்கினால் 510 ஆகிவிடும். ஒரே டேங்க்கில் 120 கிலோமீட்டர் காணாமல் போகிறது.

நம்பிக்கை: சி.சி. ஐந்து மடங்கு என்றால் பெட்ரோலும் ஐந்து மடங்கு குடிக்கும்.

உண்மை: 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு லிட்டருக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் கொடுக்கும். 1833 சி.சி. கோல்ட் விங் ஏறக்குறைய அதில் பாதி கொடுக்கும். எஞ்சின் அளவு ஐந்து மடங்குக்கு மேல், பெட்ரோல் இரண்டு மடங்கு. சீராக ஓடும்போது வண்டிக்கு எவ்வளவு சக்தி தேவையோ அதற்கேற்பவே பெட்ரோல் செலவாகும். சும்மா இருக்கும் சக்திக்கு அதே விகிதத்தில் செலவு வராது.

நம்பிக்கை: மைலேஜைத் தின்பது சுமைதான். ஆளையும் பெட்டியையும் குறைத்தால் போதும், வேகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

உண்மை: நகர நெரிசலில் நின்று நின்று கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் சுமை உண்மையாகவே பெட்ரோலைக் கேட்கும். சமமான நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. அங்கே எஞ்சினின் பெரும்பகுதி உழைப்பு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 90-இல் போகிறவர் 120-க்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; காற்றுத் தடையோ ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. அந்தத் தடையை அந்த வேகத்தில் வெல்லத் தேவையான சக்தி 2.4 மடங்கை நெருங்குகிறது. டயர் உருள்வதற்கும் எஞ்சின் உராய்வுக்கும் ஆகும் செலவு இவ்வளவு ஏறாது என்பதால் மைலேஜ் அப்படியே பாதியாகிவிடாது. ஆனாலும் பயணத்தில் நம் கையில் இருப்பவற்றில் வேகத்துக்கு நிகராகத் தூரத்தை மாற்றுவது வேறெதுவும் இல்லை.

பெட்டிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். இருபுறமும் தகரப் பெட்டிகளை அகலமாக மாட்டினால் அவற்றின் எடையைவிட அகலம்தான் நெடுஞ்சாலையில் அதிகம் செலவு வைக்கும். காலிப் பெட்டியும் காற்றை மறிக்கும். தேவையில்லாத நாளில் கழற்றி வைப்பதே லாபம். டயர் காற்றழுத்தம் குறைந்திருந்தால் உருளும் தடை கூடும். இருவர் ஏறிச் சுமையும் ஏற்றும்போது, அதற்கென்று கையேட்டில் கொடுத்திருக்கும் அழுத்தத்தை வைப்பது மைலேஜுக்கும் பிரேக்குக்கும் நல்லது.

உயரமான மலைகளைப் பற்றிய பயமும் இதோடு சேர்ந்தது. கார்புரேட்டர் வண்டிகள் லடாக்கில் புகை கக்கித் திணறியது உண்மை. மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைக்க அவற்றுக்கு வழி இல்லை. இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் தாமாகவே குறைத்துக்கொள்ளும். 4000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றுத் தடையும் அதே அளவு குறையும். அங்கே மைலேஜைக் குறைப்பவை நீண்ட ஏற்றமும், உடைந்த சாலையும், முதல் இரண்டு கியரில் ஊர்ந்து போகும் நேரமும்தான்.

நம்பிக்கை: இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விட்டால் பெட்ரோல் மிச்சம்.

உண்மை: இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இன்ஜெக்‌ஷன் வண்டியைக் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சுழற்சி மிகவும் இறங்கிய பிறகே மறுபடி கொடுக்கும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். அதாவது மிச்சம் பிடிக்க நினைத்துச் செலவுதான் செய்கிறோம்.

அதைவிட முக்கியமானது, எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலத்தை நாமே கைவிட்டுவிடுகிறோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 380 கிலோ வண்டியை, அதன் மேல் இரண்டு பேரோடு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும். மலையிறக்கத்தில் கியரில்தான் வர வேண்டும். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

நம்பிக்கை: விலை கூடிய பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறும். எத்தனால் கலந்ததைப் போட்டால் பாதியாகிவிடும்.

உண்மை: இரண்டுமே மிகை. ஆக்டேன் எண் என்பது எஞ்சினில் தட்டல் (நாக்கிங்) வராமல் பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதன் அளவு. அதில் அடங்கிய சக்தியின் அளவு அன்று. உங்கள் வண்டிக்குக் கையேடு 91 கேட்டால் 100 போடுவதால் தூரம் கூடாது. 95 கேட்கும் வண்டிக்கு அதற்குக் குறைந்ததைப் போடவும் கூடாது.

எத்தனால் விஷயத்தில் இழப்பு உண்டு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எனவே 20 சதவீதம் கலந்தால் கலப்பில்லாத பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் சக்தி குறையும். 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையும் இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பையே சொன்னது. 378 கிலோமீட்டரில் அது 15 கிலோமீட்டர் வரை இருக்கும். பாதியாகிவிடாது, ஆனால் அடுத்த பங்க் தொலைவில் இருக்கும்போது அலட்சியப்படுத்தும் தூரமும் அல்ல.

நம்பிக்கை: மீட்டரில் இன்னும் 80 கிலோமீட்டர் போகலாம் என்று காட்டுகிறது, அதனால் இந்த பங்க்கைத் தாண்டலாம்.

உண்மை: அந்த எண் வாக்குறுதி அல்ல, ஊகம். இதுவரை ஓடிய மைலேஜை வைத்து மீதியைக் கணிக்கிறது. அரை மணி நேரம் இறக்கத்தில் வந்திருந்தால் தாராளமாகக் காட்டும். ஏற்றம் தொடங்கியதும் மளமளவென்று சரியும். டேங்க்கின் வளைந்த வடிவமும் சாலையின் சாய்வும் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவையின் கணக்கைக் குழப்பும்.

டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி இதைச் சமாளிக்கலாம் என்பதும் சரியல்ல. வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 400 மில்லி விரியும். இடமில்லாவிட்டால் ஆவியைப் பிடிக்கும் கரிக்குடுவைக்குள் திரவமாகவே போய் அதைக் கெடுக்கும்.

அப்படியானால் நம்ப வேண்டிய எண் எது? நீங்களே அளந்த எண். ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். அடுத்த முறையும் வண்டியை அதே போல் நிறுத்தி, அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்து, வேகம், சுமை, சாலை ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். பல டேங்க்குகள் எழுதிய பிறகு அவற்றின் சராசரியை எடுக்காதீர்கள், அதிலுள்ள மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். கோல்ட் விங்கில் அது 16 என்று வைத்துக்கொள்வோம். அடியில் நான்கு லிட்டரைத் தொடாமல் ஒதுக்கினால் 17 லிட்டருக்கு 272 கிலோமீட்டர். அதுதான் உங்கள் வண்டியின் தூரம். நண்பர்களிடம் பேச 378 இருக்கட்டும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நாளில் 272-ஐ வைத்தே பங்க்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் பங்க் இல்லாத பாதை என்றால் கிளம்புவதற்கு முன்பே வழியை மாற்றுங்கள்.