அச்சமும் அடிமைத்தனமும்: எலிகள் புகட்டும் பாடம்

தேர்வு மணி அடித்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதுவே அச்சம். அளவோடு இருந்தால் அச்சம் நம்மைக் காக்கும் காவலன். அளவு மீறினால் பசியையும் உறக்கத்தையும் பறிக்கும் நோய். இந்நோய்க்கு மருந்து பிறந்த கதையையும், அம்மருந்தினுள் மறைந்துள்ள ஆபத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

“உனக்குப் பயமாக இருக்கிறதா?” என்று எலியிடம் கேட்க முடியாது. அதன் நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில், தரையிலிருந்து உயரத்தில் கூட்டல் குறி வடிவப் பாதை ஒன்றை அமைப்பார்கள். அதன் இரு கிளைகளுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் திறந்தவை. எலி இயல்பாகச் சுவருள்ள பக்கமே ஒதுங்கும். அச்சம் தணிக்கும் மருந்தைக் கொடுத்தால் திறந்த பக்கமும் துணிந்து உலாவும். இதிலிருந்தே மருந்தின் தன்மையை அறிகிறார்கள்.

அமெரிக்காவில் ரோச் நிறுவனத்தில் பணியாற்றிய லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலறிஞர் ஒரு பொருளைத் தயாரித்து, சோதிக்காமலே ஒதுக்கி வைத்திருந்தார். 1957-இல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்தபோது அது மீண்டும் கண்ணில் பட்டது. விலங்குகளில் சோதித்தபோது, மூர்க்கமான குரங்குகளும் அதனால் சாந்தமடைந்தன. அதுவே 1960-இல் லிப்ரியம் என விற்பனைக்கு வந்தது. 1963-இல் அதன் உறவான வேலியம் வந்தது.

ஆனால் இம்மருந்து மூளையில் எங்கே வேலை செய்கிறது? விடை 1977-இல் கிடைத்தது. டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் இரு குழுவினர், எலியின் மூளையில் இம்மருந்து போய் ஒட்டும் இடங்களைக் கண்டறிந்தனர். இவ்விடங்களை ‘ஏற்பிகள்’ என்கிறோம். ஏற்பி பூட்டு என்றால் மருந்து சாவி. நம் மூளையில் ‘காபா’ என்ற பொருள் இயற்கையாகவே உண்டு. அது நரம்புகளின் பரபரப்பை அடக்குகிறது. வேலியம் போன்ற மருந்துகள் அந்தக் காபாவின் கையை வலுப்படுத்துகின்றன.

அபினிக்கும் இத்தகைய பூட்டு உண்டு. 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் அதனை எலியின் மூளையில் காட்டினர். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் ஆகியோர், அப்பூட்டுக்கேற்ற இயற்கைச் சாவியைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். நலோக்ஸோன் என்னும் மருந்து அப்பூட்டில் புகுந்து அபினியை வெளியே தள்ளுகிறது. அபின் வகை மருந்து மிகுந்து மூச்சு நின்றுபோகும் நிலையில் இருப்போரை இன்று அது மீட்கிறது.

அடிமைத்தனத்துக்கு மருந்து மட்டும்தான் காரணமா? 1970-களின் இறுதியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் என்பவர் சில எலிகளைத் தனிக் கூண்டில் அடைத்தார். சிலவற்றை விசாலமான இடத்தில் கூட்டாக வாழவிட்டார். தனித்திருந்த எலிகள் மார்ஃபின் கலந்த நீரை மிகுதியாகக் குடித்தன. கூடி வாழ்ந்தவை குறைவாகவே குடித்தன. பிறர் பின்னர் செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆயினும் தனிமையும் ஒரு காரணமாகலாம் என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது.

இவ்வறிவுக்கு விலை கொடுத்தவை வாயற்ற உயிர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. 1959-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் மூன்று விதிகளை வகுத்தனர்: இயன்றவரை விலங்குக்கு மாற்று தேடுக, எண்ணிக்கையைக் குறைத்திடுக, வேதனையைத் தணித்திடுக. மேலும், எலி மனிதனன்று. எலியில் வெற்றி கண்ட பல மருந்துகள் மனிதரிடம் தோற்றதுண்டு.

தோழியரே! அச்சம் தணிக்கும் இம்மாத்திரைகளை நீண்ட நாள் உட்கொண்டால் மூளை அவற்றுக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். ஆகவே, தேர்வுப் பயத்துக்கு வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரையை எடுத்து விழுங்காதீர்கள். மருத்துவர் தந்ததை அவரைக் கேளாமல் நிறுத்தவும் வேண்டாம். அச்சத்தைத் தாயிடமோ ஆசிரியையிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். போதைக்கு அடிமையானவர் நம் உறவிலோ தெருவிலோ இருந்தால், அவரை இகழ்ந்து ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பூட்டிய கூண்டில் நோய் வளரும். கூடி வாழும் வீட்டில் குணம் பிறக்க வழியுண்டு.