பிஐ அனலிஸ்ட் வேலை: தேவையையும் சம்பளத்தையும் கணக்கிடும் முறை

பிசினஸ் இன்டெலிஜென்ஸ் அனலிஸ்ட், சுருக்கமாக பிஐ அனலிஸ்ட், ஒரு நிறுவனத்தின் விற்பனை, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் புகார் முதலிய தரவுகளைத் திரட்டி, முடிவெடுப்பவர்களுக்கு அறிக்கையாகவும் டேஷ்போர்டாகவும் தருபவர். இந்த வேலைக்கு எந்தத் திறன் வேண்டும், என்ன சம்பளம் கிடைக்கும் என்பதை அறிய வேலை விளம்பரங்களையே தரவாக எடுத்துக்கொள்ளலாம்.

பதவிப் பெயரை மட்டும் வைத்துத் தேடக் கூடாது. இந்தியாவில் ஏறத்தாழ இதே வேலை டேட்டா அனலிஸ்ட், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், பவர் பிஐ டெவலப்பர், எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவ் என்று பல பெயர்களில் வருகிறது. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் எக்ஸெல் அறிக்கை வேலை. சம்பளமும் அதற்கேற்பக் குறைவு. விளம்பரத்தில் பொறுப்புகளைச் சொல்லும் பத்தியே உண்மையான வேலையைக் காட்டும்.

ஒரே நகரம், ஒரே அனுபவ வரம்பு என்று வரையறுத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது விளம்பரங்களை ஓர் எக்ஸெல் தாளில் பதிய வேண்டும். நிறுவனம், துறை, கட்டாயத் திறன், இருந்தால் நல்லது என்ற திறன், சம்பள வரம்பு எனத் தனித்தனி பத்திகள் போதும். ஒரே காலியிடத்தைப் பல கன்சல்டன்சிகள் வெளியிடுவதுண்டு. அந்த இரட்டிப்புகளை நீக்காவிட்டால் தேவை ஊதிப்பெருகித் தெரியும். தனித் திறன்களைவிட, எவை சேர்ந்து கேட்கப்படுகின்றன என்று எண்ணுவதே பயன் தரும்.

எஸ்க்யூஎல், எக்ஸெல், ஏதேனும் ஒரு டேஷ்போர்டு கருவி ஆகியவை திரும்பத் திரும்ப வரும். பைதான் சில இடங்களில் கட்டாயம், பல இடங்களில் கூடுதல் தகுதி. கருவிகளில் 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பவர் பிஐ, ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களில் இயங்கும் அலுவலகங்களில் எளிதாக நுழைந்துவிடுகிறது. 2003இல் தொடங்கி, 2019இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கிய டாப்லோ அதன் முக்கியப் போட்டியாளர். இரண்டையும் ஒருசேரக் கற்பது வீண் அலைச்சல். தாளில் எது அதிகம் வருகிறதோ அதை ஆழமாகக் கற்றால், மற்றொன்றுக்கு மாறுவது பெரிய பாடாக இராது.

அடுத்து ஆழத்தைச் சோதிக்க வேண்டும். ரெஸ்யூமேயில் எல்லோரும் எஸ்க்யூஎல் என்று எழுதுகிறார்கள். நேர்காணலில் பலர் சறுக்குவதும் அங்கேதான். 1,000 ரூபாய் ஆர்டர் ஒன்றுக்கு இரண்டு தவணைகளில் பணம் வந்திருக்கிறது என்று கொள்வோம். ஆர்டர் அட்டவணையையும் பண வரவு அட்டவணையையும் இணைத்து ஆர்டர் தொகையைக் கூட்டினால் 2,000 வரும். அது ஏன் வருகிறது, எப்படித் தவிர்ப்பது என்று விளக்க முடிந்தவருக்கு அடிப்படை கைவந்துவிட்டது. ஒவ்வொரு கிளையின் விற்பனையையும் முந்தைய மாதத்தோடு ஒப்பிடும் விண்டோ ஃபங்ஷன், ஸ்டார் ஸ்கீமா, பவர் பிஐயில் டிஏஎக்ஸ் சூத்திரங்கள் ஆகியவை அதன்பின். மைக்ரோசாஃப்டின் பிஎல்-300 சான்றிதழ் ரெஸ்யூமே வடிகட்டலைத் தாண்ட உதவலாம். நேர்காணல் கேள்விக்கு அது பதில் சொல்லாது. காப்பீட்டு க்ளெய்ம், கடன் வசூல், சில்லறை விற்பனை என ஒரு துறையின் நடைமுறை தெரிந்திருப்பது, இன்னொரு கருவியைக் கற்பதைவிடச் சம்பளப் பேச்சில் கூடுதல் வலு தரும்.

சம்பளத் தகவலில் கவனம் தேவை. அமெரிக்க அரசின் ஓநெட் தொழில் வகைப்பாட்டில் பிஐ அனலிஸ்ட், டேட்டா சயின்டிஸ்ட் என்ற பெரும்பிரிவுக்குள் ஓர் உட்பிரிவு. அப்பெரும்பிரிவின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2024 மே மாதக் கணக்கில் 1,12,590 டாலர். அதையே பிஐ அனலிஸ்டின் சம்பளமாகக் காட்டுவது தவறு. ரூபாய்க்கு மாற்றி இந்தியச் சம்பளத்தோடு ஒப்பிடுவது அதைவிடப் பெரிய தவறு. உள்ளூர் விளம்பர வரம்புகளும், அதே வேலையில் இருப்பவர்கள் சொல்லும் தொகையுமே நம்பத் தக்கவை.

கடைசியாக, சிடிசியை, அதாவது ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகையை, பிரித்துப் பார்க்க வேண்டும். சிடிசி 8 லட்சம், அதில் பாதி பேசிக், 80,000 வேரியபிள் என்று ஓர் ஆஃபர் வந்தால் கணக்கு இப்படிப் போகும். நிறுவனத்தின் பிஎஃப் பங்கு பேசிக்கில் 12 விழுக்காடு, அதாவது 48,000, பணிக்கொடை 4.81 விழுக்காடு, 19,240. இவற்றையும் வேரியபிளையும் கழித்தால் மிஞ்சுவது 6,52,760. ஊழியரின் பிஎஃப் பங்கு 48,000, தொழில் வரி அதிகபட்சம் 2,500 போக, மாதம் கையில் வருவது சுமார் 50,200. எட்டு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 66,667 என்று எதிர்பார்த்தவருக்கு முதல் மாதமே அதிர்ச்சிதான். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை. சில நிறுவனங்கள் பிஎஃபை 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பில் நிறுத்தி மாதம் 1,800 மட்டும் பிடிப்பதால், அங்கே கையில் வருவது கூடும்.

இரண்டு ஆஃபர்களை, மாதம் கையில் வரும் இந்தத் தொகையை வைத்தே ஒப்பிட வேண்டும். வேரியபிள் எந்த அடிப்படையில், எப்போது தரப்படும், ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் ஆகியவற்றை எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.