இரவுத் தட்டில் ஒளிந்திருக்கும் உப்பு

அன்புள்ள இளம் உணவியலாளருக்கு,

சிறுநீரகத்தைக் காக்க வழி கேட்டு 70 வயதுக்காரர் ஒருவர் வந்தால், "ஏழு மணிக்குள் சாப்பிடுங்கள், அதற்குமேல் தண்ணீர் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். சுலபம்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதற்குமுன் உப்பைப் பாருங்கள் என்பது என் கட்சி. 40 வயதைத் தாண்டியபின் பெரும்பாலோருக்கு வடிகட்டும் திறன் மெல்லக் குறைகிறது. பகலில் சேர்ந்த உப்பைப் பகலிலேயே வெளியேற்ற முடியாவிட்டால், மிச்சத்தை இரவில்தான் தள்ளியாக வேண்டும்; அதற்கு அழுத்தம் தேவை. தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்காமலே நிற்கிறது. ஏற்கெனவே நலிந்த சிறுநீரக நுண்குழாய்களுக்கு இரவிலும் ஓய்வில்லை. அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதிலும் உப்புக்குப் பங்குண்டு: 2017-இல் வெளியான நாகசாகி ஆய்வில், தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆனது. இத்தனைக்கும் அந்த 8 கிராமே உலக சுகாதார நிறுவனத்தின் 5 கிராம் வரம்பைத் தாண்டியதுதான்.

"ராத்திரி ரெண்டு இட்லிதானே" என்பார்கள். மாவில் உப்பு, சட்னியில் உப்பு, பொடியில் உப்பு. கஞ்சி என்றால் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என மூன்றும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்பவர்களிடம் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

உப்பைக் குறைத்தால் வாய்க்குப் பிடிக்காமல் சாப்பாடே குறைந்துவிடுமே என்ற மறுப்பை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். முதுமையில் தசை கரைவது பெரிய இழப்பு. தசை குறைந்தவரின் கிரியாட்டினின் அளவு, சிறுநீரகம் நலிந்திருந்தாலும் அறிக்கையில் இயல்பாகவே தெரியக்கூடும். ஆகவே பாசிப்பருப்பையோ முட்டையையோ பறிக்காமல், தொட்டுக்கொள்ளும் உப்புச் சாமான் ஒன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். எலுமிச்சையும் மிளகும் பூண்டும் ருசியைப் பெருமளவு ஈடுகட்டும். தண்ணீரைக் கட்டுப்படுத்துவது மருத்துவர் சொன்னவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு உப்பு குறைந்தாலே தாகமும் குறையும். இன்சுலின் போடுகிறவரிடம் இரவுச் சாப்பாட்டை விடச் சொல்லவே கூடாது: நலிந்த சிறுநீரகத்தில் மருந்து நெடுநேரம் தங்கி, விடியற்காலையில் சர்க்கரை சரிந்துவிடலாம். சோடியம் குறைந்த உப்பைப் பரிந்துரைக்குமுன் அவரது பொட்டாசியம் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியத்தைத்தான்.