முடம் தவிர்த்த மூவர்

மனித உடலை ஒரு வீடு எனக் கொண்டால், எலும்புகளே அவ்வீட்டைத் தாங்கும் தூண்களும் உத்திரங்களும் ஆகும். வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. வீட்டின் தூண் அசையாது நின்றால் போதும். உடலின் எலும்போ நிற்கவும் வேண்டும். வேண்டியபோது அசையவும் வேண்டும். இவ்விரு செயலும் ஒருங்கே நிகழ இயற்கை அமைத்த வழியே மூட்டு. எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில், அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையே மூட்டுநீர் சுரந்து, வண்டியின் அச்சுக்கு இட்ட எண்ணெய்போல உராய்வைக் குறைக்கிறது. வலிய நார்கள் மூட்டினைச் சுற்றிப் பிணைத்துக் காக்கின்றன.

இவ்வமைப்பு நலமாக இருக்கும் வரையில் நாம் அதனை நினைப்பதில்லை. ஓடுகிறோம், குனிகிறோம், சுமை தூக்குகிறோம். ஆனால், ஒரு மூட்டு வீங்கி நொந்தாலோ, ஓர் எலும்பு முறிந்தாலோ அன்றுதான் அதன் அருமை விளங்குகிறது. உழைத்துண்ணும் ஒருவனுக்குக் கால் முடங்கினால், அவனுடன் அவன் குடும்பமும் முடங்குகிறது. வளரும் பருவத்துக் குழந்தைக்கு மூட்டு கெட்டால், அதன் வாழ்நாள் முழுவதும் வளைந்துபோகிறது. ஆகவே, எலும்பு மூட்டுகளின் நோயையும் ஊறுபாட்டையும் நீக்கும் மருத்துவம் மக்கள் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. அதனை முடநீக்கியல் என்பர்.

மேலைநாட்டார் இம்மருத்துவத்துக்கு வழங்கும் பெயரை முதன்முதல் அமைத்தவர் நிக்கலாஸ் ஆந்திரி என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவர் 1741-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், ‘நேரான’ என்றும் ‘குழந்தை’ என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அப்பெயரைப் படைத்தார். அந்நூலில் ஒரு படமும் உண்டு. வளைந்து வளரும் இளமரம் ஒன்று, நேராக நட்ட கோலுடன் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கும். வளைந்த மரத்தை முரட்டுத்தனமாக நிமிர்த்தினால் அது முறியும். கோலை நட்டுக் கட்டி, காலம் கொடுத்துக் காத்திருந்தால் அது தானே நிமிரும். இவ்வுண்மையைத் தம் வாழ்வில் செயலாக்கிக் காட்டிய மூவர் வரலாற்றை இங்கே காண்போம்.

முதலாமவர் ஹியூ ஓவன் தாமஸ். அவர் 1834-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவில் பிறந்தார். முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதை வழிவழித் தொழிலாகக் கொண்டது அவர் குடும்பம். தந்தையார் ஈவான் தாமஸ் லிவர்ப்பூல் நகரில் அத்தொழிலைச் செய்து புகழ் பெற்றார். ஆயினும், அவர் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். அதனால் அவர்மேல் வழக்குகள் எழுந்தன. தமக்கு நேர்ந்த இடர் தம் மக்களுக்கு நேரலாகாது என்று எண்ணிய அவர், தம் புதல்வர் ஐவரையும் மருத்துவக் கல்வி பயிலச் செய்தார். கைப்பழக்கமும் கல்வியும் ஹியூவிடம் ஒன்றாய்க் கூடின.

அக்காலத்தில் நோயுற்ற மூட்டையும் நொறுங்கிய காலையும் வெட்டி நீக்குவதே பல இடங்களில் வழக்கமாய் இருந்தது. தாமஸ் அதனை ஏற்கவில்லை. ‘நொந்த மூட்டுக்கு வேண்டுவது ஓய்வு. அவ்வோய்வும் அரைகுறையாய் இருத்தலாகாது; இடையறாது, நெடுநாள் நீடிக்கவேண்டும்’ என்பது அவர் கொள்கை. உறுப்பை அசையாது நிறுத்தும் சிம்புகளைத் தாமே வகுத்தார். அவற்றைச் செய்வதற்கென ஒரு கொல்லரையும் ஒரு தோல்வினைஞரையும் தம் பட்டறையில் அமர்த்தியிருந்தார். அவர் அமைத்தவற்றுள் சிறந்தது தொடைக்குரிய சிம்பு. தோல் சுற்றிய இரும்பு வளையம் ஒன்று தொடையின் மேல்முனையில் பொருந்தும். அதிலிருந்து இரு கம்பிகள் காலின் இருபுறமும் பாதத்துக்கு அப்பால் வரை நீளும். காலை நீட்டி இழுத்து அக்கம்பிகளின் முனையோடு பிணைத்துவிட்டால், முறிந்த எலும்பின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தசையைக் கிழிக்கமாட்டா.

லிவர்ப்பூலின் நெல்சன் தெருவில் இருந்த அவர் இல்லத்தின் வாயிலில் ஞாயிறுதோறும் ஏழை நோயாளிகள் திரள்வர். அன்று அவர் கூலி பெறுவதில்லை. துறைமுகத் தொழிலாளரும், கப்பலில் பணிபுரிவோரும், வறியோர் வீட்டுக் குழந்தைகளும் அவரிடம் நலம் பெற்றனர். எனினும், பெரிய மருத்துவமனைகள் அவர் முறையைப் பொருட்படுத்தவில்லை. 1891-ஆம் ஆண்டில், தம் கருவியின் பெருமையை உலகம் உணர்வதற்கு முன்னரே, அவர் உயிர் நீத்தார்.

அவர் ஏற்றிய விளக்கைக் கையில் ஏந்தியவர் ராபர்ட் ஜோன்ஸ். அவர் தாமசின் மனைவியாருடைய உடன்பிறந்தார் மகன், 1857-இல் பிறந்தவர். இளமையிலேயே தாமஸ் இல்லத்தில் தங்கி, அவரிடம் தொழில் பழகி, மருத்துவரானார். மான்செஸ்டர் நகருக்குக் கடற்கலங்கள் வந்துசேருமாறு பெருங்கால்வாய் ஒன்று 1887 முதல் 1894 வரை வெட்டப்பட்டது. அதன் நீளம் 36 மைல். ஆயிரக்கணக்கானோர் பாறையைப் பிளந்தும் மண்ணைச் சுமந்தும் அங்கே உழைத்தனர். மண் சரிந்தும், வண்டி மோதியும் கை கால் முறிவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. 1888-இல் அத்தொழிலாளரைக் காக்கும் பொறுப்பு ஜோன்சிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கால்வாய்க் கரை நெடுகிலும் முதலுதவி நிலையங்களை அமைத்தார்; இடையிடையே மூன்று மருத்துவமனைகளை நிறுவினார். அடிபட்டவனைத் தொலைவிலுள்ள நகருக்குத் தூக்கிச் செல்வதைவிட, அடிபடும் இடத்தின் அருகே மருத்துவத்தைக் கொண்டு சேர்ப்பதே தக்கது என்பதை அவர் அங்குக் கற்றார்.

அவர் கற்ற இப்பாடம் கிராமத்துக் குழந்தைகளுக்கும் பயன்படும்படி செய்தவர் ஒரு பெண்மணி. அவரே இம்மூவருள் மூன்றாமவராகிய ஆக்னஸ் ஹண்ட் அம்மையார்.

ஆக்னஸ் 1866-இல் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுமியாய் இருந்தபோதே அவர் இடுப்பு மூட்டை நோய் பற்றியது. அதனால் ஒரு கால் முடமாயிற்று. வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலின் துணையும் வலியின் உறவும் அவரை விட்டு நீங்கவில்லை. வேறொருவராயின், தம் விதியை நொந்து வீட்டின் மூலையில் அமர்ந்திருப்பர். அவரோ, பிறர் நோயைத் தீர்க்கும் செவிலித் தொழிலைப் பயில முற்பட்டார். நெடுநேரம் நின்று செய்யவேண்டிய அத்தொழிலுக்கு முடம்பட்டவர் ஏலார் எனப் பலர் கருதினர். அவர் மனம் தளராது பயின்று தேறினார்.

1900-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்துப் பாஸ்சர்ச் என்னும் சிற்றூரில், முடம்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இல்லம் திறந்தார். எமிலி குட்ஃபோர்டு என்னும் செவிலியார் அவருக்கு உற்ற துணையாய் நின்றார். அவ்வில்லத்தில் மாடிப்படிகள் இருந்தன. நடக்கவியலாத குழந்தைகளை நாள்தோறும் ஏற்றி இறக்குவது எங்ஙனம்? தோட்டத்தில் ஒருபுறம் திறந்த கொட்டகைகளை அமைத்து, அங்கேயே கட்டில்களை இட்டனர். இடமின்மையால் செய்த ஏற்பாடே நன்மையாய் முடிந்தது. தூய காற்றிலும் வெயிலிலும் கிடந்த குழந்தைகளுக்குப் பசி எடுத்தது; உறக்கம் வந்தது; முகம் தெளிந்தது. அக்காலத்தில் எலும்பையும் மூட்டையும் அரிக்கும் காசநோய் குழந்தைகளிடையே மிகுதியாய் இருந்தது. அதனைக் கொல்லும் மருந்து அன்று கண்டுபிடிக்கப்படவில்லை. நல்லுணவும் நற்காற்றும் நெடிய ஓய்வுமே அவர்களுக்கு வாய்த்த மருந்துகள்.

ஆயினும், அன்பு மட்டும் எலும்பை நேராக்கிவிடாது, அறிவும் வேண்டும். ஆக்னஸ் தம் இடுப்பு நோய்க்கு மருத்துவம் நாடி லிவர்ப்பூலுக்குச் சென்று, ராபர்ட் ஜோன்சைக் கண்டார். அவர்தம் கைத்திறனையும் கனிவையும் கண்டதும், தம் குழந்தைகளின் நினைவே அம்மையார் உள்ளத்தில் எழுந்தது. தம் இல்லத்துச் சிறுவரையும் அவரிடம் காட்டலானார். நோயுற்ற குழந்தைகள் தொலைவழி வந்து திரும்புவதைக் கண்ட ஜோன்ஸ், தாமே பாஸ்சர்ச்சுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். புகழ் பெற்ற அம்மருத்துவர், ஓய்வெடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சிற்றூருக்கு வந்து அறுவை மருத்துவம் செய்தார். கால்வாய்க் கரையில் அவர் கற்ற பாடம் கிராமத் தோட்டத்தில் பயன் தந்தது.

இங்கே ஒரு துன்பம் தலைகாட்டியது. மாதக்கணக்கில் பேணி, கால் நேராகி, மகிழ்வோடு வீடு திரும்பிய குழந்தை, சில திங்கள் சென்றபின் மீண்டும் வளைந்த காலோடு வந்தது. காரணம் யாது? குழந்தை வளர்ந்தது, சிம்பு வளரவில்லை. வார் அறுந்தது, தைப்பார் இல்லை. வலி இல்லையே என்று பெற்றோர் கட்டினை அவிழ்த்துவிட்டனர். அவர்கள் அன்பில்லாதவர் அல்லர், அறியாதவர். மருத்துவமனைக்கு வந்துபோகவோ அவர்களிடம் பொருள் இல்லை. பல மாத உழைப்பு ஒரு சில வாரங்களில் பாழாயிற்று.

‘நோயாளி நம்மைத் தேடி வரவியலாதாயின், நாம் அவர்களைத் தேடிச் செல்வோம்’ என்று அம்மையார் துணிந்தார். 1907-ஆம் ஆண்டில் அருகிலுள்ள ஆஸ்வெஸ்ட்ரி ஊரில் முதல் கிளை நிலையம் தொடங்கப்பட்டது. குறித்த நாளில் பயிற்சி பெற்ற செவிலியார் அங்கு வருவார். சிம்பைச் சரிசெய்வார்; மாவுக்கட்டைப் பார்வையிடுவார்; தசைகளுக்குரிய பயிற்சியைக் கற்பிப்பார்; தாய்மார்க்கு வேண்டுவன கூறுவார். நோய் முற்றுமுன் அதனைக் கண்டறிந்து மருத்துவமனைக்கு அனுப்புவதும் அவர் கடமையே. மருத்துவரும் இடையிடையே வந்து காண்பார். நாளடைவில் இத்தகைய நிலையங்கள் ஊர்தோறும் பரவின. நடுவே ஒரு மருத்துவமனை, அதனைச் சூழக் கிளை நிலையங்கள் என்னும் இவ்வமைப்பினை நாடெங்கும் ஏற்படுத்தவேண்டும் என்று 1919-இல் ஜோன்சும் அவருடைய நண்பர் கர்டில்ஸ்டோனும் திட்டம் வகுத்து வெளியிட்டனர்.

இதனிடையே 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. குண்டடிபட்டுத் தொடையெலும்பு முறிந்த வீரர் ஐவரில் நால்வர் போரின் தொடக்கத்தில் இறந்தனர் என்பர். முறிந்த காலோடு அவர்களைத் தூக்கிச் செல்லும்போது எலும்பு அசைந்து, குருதி பெருகி, அதிர்ச்சியால் உயிர் பிரிந்தது. தாமசின் சிம்பினைப் போர்முனையிலேயே பூட்டவேண்டும் என்று ஜோன்ஸ் வற்புறுத்தினார். அங்ஙனமே செய்தனர். போர் முடியுமுன் இறப்போர் தொகை ஐவரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் மறைந்த ஓர் ஏழைபங்காளரின் கைவினை ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. பாஸ்சர்ச் கொட்டகைகளிலும் புண்பட்ட வீரர்களுக்குப் படுக்கைகள் இடப்பட்டன.

1921-இல் அம்மருத்துவமனை ஆஸ்வெஸ்ட்ரிக்கு அருகில், போர்க்காலத்தில் படையினர் தங்கிய இடத்துக்கு மாற்றப்பட்டது. முடம் நீங்கியோரும், முற்றும் நீங்காதோரும் பிறர் கையை எதிர்பாராது வாழவேண்டும் என்பது அம்மையார் கருத்து. இரக்கத்தினும் மேலானது தன்மானம் என்பதை அவர் தம் வாழ்வில் உணர்ந்தவர் அல்லரோ? 1927-இல் அவர்களுக்கென ஒரு தொழிற்பயிற்சி நிலையமும் நிறுவப்பட்டது. 1933-இல் ஜோன்ஸ் மறைந்தார். அவ்வாண்டிலேயே மருத்துவமனை இருவர் பெயரையும் இணைத்துப் பெற்றது. 1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள் பிரிட்டனில் அனைவர்க்கும் கட்டணமில்லா மருத்துவம் அளிக்கும் பொது அமைப்புத் தொடங்கியது. தாம் கண்ட கனவின் விரிவை அங்ஙனம் கண்ட அம்மையார், அதே திங்கள் 24-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

காலம் மாறியது. காசநோய்க்கு மருந்தும், இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பும் கிடைத்தன. முதியோரின் தேய்ந்த மூட்டுக்கும் வழி பிறந்தது. குருத்தெலும்பில் குருதிக்குழாய்கள் இல்லை. ஆதலால், தேய்ந்தபின் அது எளிதில் வளர்வதில்லை. எலும்போடு எலும்பு உராய்ந்து வலிக்கிறது. ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் லங்காஷயரிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் பல்லாண்டு ஆராய்ந்து, முதலில் கையாண்ட பொருள் பயன்தராது போகவே மீண்டும் முயன்று, 1962-இல் உலோகப் பந்தும் பாலிதீன் கிண்ணமும் கொண்ட செயற்கை இடுப்பு மூட்டினை அமைத்து வெற்றி கண்டார். இன்று உலகெங்கும் முதியோர் பலர் அம்முறையால் மீண்டும் நடக்கின்றனர்.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவை பல. எலும்பு முறிந்தது என ஐயம் தோன்றினால், அடிபட்ட உறுப்பை இழுத்தலும் தேய்த்தலும் ஆகா. முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி சிம்பு வைத்துக் கட்டி, விரைவில் மருத்துவமனை சேர்க்கவேண்டும். மருத்துவர் இட்ட கட்டினை வலி நின்றது கருதி நாமே அவிழ்த்தல் கூடாது. கட்டினால் விரல் வீங்கினாலும், மரத்தாலும், நிறம் மாறினாலும் உடனே அவரிடம் காட்டவேண்டும். அளவான உடல் எடையும் முறையான பயிற்சியும் மூட்டுகளை நெடுங்காலம் காக்கும்.

இவற்றினும் சிறந்த பாடம் ஒன்று உண்டு. வளைந்த இளமரம் நிமிர்வதற்குக் கோல் ஒன்று வேண்டும். அதனைப் பிணைக்கக் கயிறு வேண்டும். நாள்தோறும் வந்து காணும் கண்ணும் வேண்டும். தாமஸ் கோலைத் தந்தார். ஜோன்ஸ் அதனைப் பிணைக்கும் திறனைத் தந்தார். ஆக்னஸ் அம்மையாரோ, தாம் நிமிரவியலாத நிலையிலும், பிறர் குழந்தைகள் நிமிரும் வரை கண்ணுறங்காது காத்தார். நேராக நடந்து சென்ற அக்குழந்தைகளின் காலடிகளே அம்மூவருக்கும் உலகம் எழுப்பிய நினைவுச் சின்னங்களாம்.