ஆல்புமின் ஏற்றினால் ஞாபகம் திரும்புமா?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. ஓராண்டாக மறதி அதிகம். அடுப்பை அணைக்க மறக்கிறார், சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் 3.1. 'ஆல்புமின் குறைந்தால் மூளையில் புரதம் படியும், டிரிப் ஏற்றுங்கள்' என்கிறார் உறவினர் ஒருவர். ஏற்றலாமா டாக்டர்? நாங்கள் சுத்த சைவம்.
- வாசகி, அலிப்பூர், கொல்கத்தா

பதில்: மறதிக்காக என்றால் வேண்டாம்.

உறவினர் சொன்னது முழுக் கட்டுக்கதையும் இல்லை. அல்சைமர் நோயில் மூளையில் படிவது பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துண்டு. அது ரத்தத்திலும் ஓடுகிறது. அங்கே அதன் பெரும்பகுதியை ஆல்புமின் பிடித்து வைத்திருக்கிறது. அப்படிப் பிடிபட்ட துண்டுகள் நார்களாகத் திரள்வது மட்டுப்படுவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூளையைச் சூழ்ந்த திரவத்தில் இருக்கும் ஆல்புமின், ரத்தத்தில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை எளிதில் உள்ளே விடாது. கையில் ஏற்றும் பாட்டில் மூளைக்குப் போய்ச் சேராது.

'ரத்தத்தில் அமிலாய்டைக் குறைத்தால் மூளையிலிருந்தும் அது வெளியேறாதா?' என்ற கேள்வியோடு ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் 347 நோயாளிகளிடம் ஆம்பார் என்ற ஆய்வை நடத்தினார்கள். பிளாஸ்மாவை இயந்திரத்தால் எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆல்புமின் கொடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவுகளில் சில அளவுகோல்களில் சரிவு மெதுவானது. ஆனாலும் அது வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை. அதை நம்பி ஒரு பாட்டில் வாங்குவது வீண் செலவு.

ரத்தப் புரதங்கள் எல்லாமே நல்ல பிள்ளைகளும் அல்ல. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன், தடுப்பு பழுதானால் மூளைக்குள் கசிந்து அமிலாய்டோடு சேர்ந்து எளிதில் கரையாத கட்டிகளை உண்டாக்குகிறது. அந்தத் தடுப்பைப் பழுதாக்கக்கூடிய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டும். 3.1 என்றால் காரணம் தேட வேண்டும். கல்லீரல் சரியாக உற்பத்தி செய்யவில்லையா, சிறுநீரில் போகிறதா, நாள்பட்ட அழற்சியா? உங்கள் கடிதத்திலேயே இன்னொரு துப்பு இருக்கிறது: சாப்பிட்டதை மறப்பவர் சாப்பிடவும் மறந்திருக்கலாம். அதாவது மறதியால் உணவு குறைந்து, அதனால் உடல் நலிந்திருக்கலாம். சிறுநீரகம் சரியாக இருந்தால் பருப்பும் தயிரும் கூடட்டும். கொல்கத்தாவில் பாலைத் திரித்தெடுக்கும் சானாவுக்கா பஞ்சம்!

சைவம் என்பதால் பி12 அளவையும், கூடவே தைராய்டையும் உடனே பாருங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும்; அது மருந்தில் தேறவும் வாய்ப்புண்டு. பவானிப்பூரில், உங்களுக்குப் பக்கத்திலேயே, பாங்கூர் நரம்பியல் நிறுவனம் இருக்கிறது, அரசு மருத்துவமனை. முடிவுகளோடு அங்கே அழைத்துப் போங்கள்.